41, 46, 48: ஹாஷ் நீளத்தைத் தேடிய அனுபவம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தபடியே பணியாற்றும் நான், நிரல்களின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருளான கிட்டின் களஞ்சியங்களைப் படித்து மாற்றங்களைப் பட்டியலிடும் ஒரு சிறு கருவியைச் சி மொழியில் எழுதி வைத்திருந்தேன். கிட் தன் தரவுகளுக்கு ஹாஷ் என்னும் நிலையான நீள அடையாள மதிப்பைக் கணக்கிடுகிறது; அதற்கான பழைய முறை ஷா-1, புதியது ஷா-256. ஒரே ஷா-1 மதிப்பைத் தரும் இரு வேறு பிடிஎஃப் கோப்புகள் 2017இல் வெளியானதையும், 2020இல் வந்த கிட் 2.29 பதிப்பு ஷா-256 களஞ்சியங்களைச் சோதனை அளவில் ஏற்றதையும் அறிந்திருந்தும், அத்தகைய களஞ்சியம் ஒன்றில் கோப்புப் பெயர்கள் சிதைந்து வந்த பிறகே திருத்தத் தொடங்கினேன்.

கிட்டில் ஓர் அடைவின் உள்ளடக்கப் பட்டியலான 'ட்ரீ'யின் ஒவ்வொரு பதிவிலும் கோப்புப் பெயரை அடுத்து ஹாஷ் பைட்டுகள் வரும்: ஷா-1 எனில் 20, ஷா-256 எனில் 32. 32 பைட்டுகள் இருந்த இடத்தில் என் கருவி 20 மட்டும் தாண்டியதால், மீதி 12ஐ அடுத்த பதிவின் தொடக்கமாக எடுத்துக்கொண்டது.

ஹாஷை பதினாறடி எண்முறையில் எழுதினால் பைட்டுக்கு இரண்டு எழுத்துகள்: 20 பைட்டு 40 எழுத்தாகும், 32 பைட்டு 64 ஆகும். ஆனால் நிரலில் 20, 40 என்னும் எண்களைத் தேடி மாற்றினால் போதாது. 40 என்று தேடினால் ட்ரீ பதிவில் அடைவைக் குறிக்கும் 40000மும் அகப்படும். அதைத் தொடவே கூடாது. உண்மையில் மாற்ற வேண்டியவையோ வேறு எண்களுக்குள் மறைந்திருந்தன: 40 எழுத்துகளோடு சரத்தின் முடிவுக்குறிக்கும் ஓரிடம் விட்ட 41, கமிட்டில் (ஒரு மாற்றத்தின் பதிவில்) tree என்ற சொல், இடைவெளி, ஹாஷ், வரிமுடிவு ஆகியவை சேர்ந்த 'ட்ரீ' வரிக்கான 46, அதேபோல் parent எனத் தொடங்கும் 'பேரன்ட்' வரிக்கான 48. இவற்றையெல்லாம் நீக்கி, களஞ்சியத்தின் ஹாஷ் வகையைக் கேட்டு நீளம் பெறும் ஒரே செயற்கூறை எழுதினேன். ஹாஷ் பைட்டுகளை வைக்கும் நினைவக இடையகங்களைப் பெரிய அளவான 32 பைட்டுக்கே ஒதுக்கினேன்.

மிகவும் வருத்தியது, 40 எழுத்துகளைத் தேடும் ஒரு ரெகெக்ஸ் (எழுத்துத் தொடர்களைத் தேடும் வடிவக்குறிப்பு): 64 எழுத்து ஹாஷின் முதல் 40ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, பிழை எதுவும் காட்டாமல் நகர்ந்தது. அதைப் பிடித்த பின், எல்லாச் சோதனைகளையும் இருவகைக் களஞ்சியங்களிலும் ஓட்டுகிறேன்.