எருக்கஞ்செடியும் வெந்தய வரியன் புழுக்களும்

பெருந்துறைப் பக்கம் எங்கள் வாசலில் எருக்கு வைத்தபோது அம்மிச்சி திட்டினார்: "எருக்கு மொளச்ச வூடு உருப்படாது கண்ணு." அமெரிக்காவில் மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு தின்று வளர மில்க்வீட் செடி எப்படியோ, இங்கே அதன் நெருங்கிய உறவான வெந்தய வரியன் பட்டாம்பூச்சிக்கு எருக்கு அப்படி. மோனார்க் புழுவுக்கு இரண்டு ஜோடி கொம்பு, இதற்கு மூன்று.

கொழுந்து முழுக்க சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். மறுநாள் காலை நான்கு புழுக்கள் தொட்டியடியில் சுருண்டு கிடந்தன. இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் மருந்தையே விட்டுவிட்டேன். முதலில் இலையின் அடியில் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். வெள்ளையாக, தனித்தனியாக ஒட்டியிருக்கும். முட்டையும் புழுவும் உள்ள இலைகளை ஒதுக்கிவிட்டு, மற்ற கொழுந்தை விரலால் வழித்துத் தண்ணீர் பீய்ச்சுவேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்ததில் இரண்டு வாரத்தில் அசுவினி அடங்கியது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறை கட்டாயம்.

ஒரு செடி போதாது. வளர்ந்த புழு இலைகளை மளமளவென்று காலி செய்துவிடும். நான் மூன்று வைத்திருக்கிறேன்.

விநாயகர் சதுர்த்திக்கு அம்மிச்சியே பூப்பறிக்க வந்தார். கூட்டுப்புழு தொங்கிய கிளையை மட்டும் தொடவில்லை.