பிஎம்ஐ பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிலோ கணக்கில் எடை. அதை மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தால் ஒருமுறை வகுத்து, வந்த விடையை அதே உயரத்தால் இன்னொரு முறை வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண். வேலூர் வட்டாரத்தில் எந்த மருத்துவ முகாமுக்குப் போனாலும் சீட்டில் முதலில் எழுதித் தருவது இந்த எண்ணைத்தான். அதைப் பார்த்து வீணாகப் பயப்படுகிறவர்களும் உண்டு, வீணாக நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் ஆபத்து.

கணக்கு கெடுவது பெரும்பாலும் உயரத்தில்தான். 5 அடி 10 அங்குலம் உள்ள ஒருவர் செல்போனில் 5.10 அடி என்று போடுகிறார். அடிக்கு 12 அங்குலம் என்பது போனுக்குத் தெரியாது. 178 செ.மீ. ஆள் 155 செ.மீ. ஆகிவிடுவார். எடை 70 கிலோ என்றால் 22 வரவேண்டிய இடத்தில் 29 வரும். அங்குலமாக மாற்றி 2.54-ஆல் பெருக்குங்கள், சென்டிமீட்டரிலேயே அளந்துவிட்டால் இன்னும் நல்லது.

அளக்கும்போது செருப்பு வேண்டாம், கொண்டையையும் பூச்சரத்தையும் எடுத்துவிட வேண்டும். குதிகாலும் முதுகும் சுவரில் பட, பார்வை நேராக இருக்க நின்று, தலைமேல் ஓர் அட்டைப் புத்தகத்தைச் சமமாக வைத்துச் சுவரில் கோடு போடலாம். 160 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவருக்கு பிஎம்ஐ 23.4. செருப்போடு அளந்து 2 செ.மீ. கூடினால் 22.9. இந்தியர்களுக்கு அதிக எடையின் எல்லைக்கோடு 23 என்னும்போது இந்த 2 செ.மீ. சின்ன விஷயமல்ல.

எடை மெஷினைப் பாய் மேலோ மெத்தென்ற விரிப்பின் மேலோ வைக்கக் கூடாது. காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடும் முன் ஏறுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வேலை செய்துவிட்டு ஏறி ஒரு கிலோ குறைந்திருந்தால், குறைந்தது தண்ணீர்தான்.

அடுத்து, எந்த எல்லையோடு ஒப்பிடுகிறோம் என்பது. பல செயலிகள் 25 வரை பச்சை நிறம் காட்டும். அது உலகப் பொது அளவு. இந்தியர்களுக்கு 23-லிருந்தே அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று 2009-ல் இந்திய மருத்துவர்களின் கருத்தொருமிப்பு வகுத்தது. காரணம், அதே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிட நம் உடலில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில். 2004-ல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் தங்களையே அளந்து காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. இந்தச் சூத்திரமே 19-ம் நூற்றாண்டில் பெல்ஜியக் கணித அறிஞர் கெட்லே மக்கள்தொகையின் சராசரியை அறியப் போட்டது. தனி ஆளுக்கு நோய் சொல்வதற்கல்ல.

ஆகவே பிஎம்ஐ-யோடு வயிற்றுச் சுற்றளவையும் எடுக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் ஒருவர், உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ, பிஎம்ஐ 26 என்று வையுங்கள். அட்டவணைப்படி பருமன். வயிறு 82 செ.மீ. என்றால் அந்தக் கூடுதல் எடை பெரும்பாலும் தசைதான். அதே உயரத்தில், நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்கு 62 கிலோ, பிஎம்ஐ 22, வயிறு 94 செ.மீ. ரத்தப் பரிசோதனைக்கு முதலில் போக வேண்டியவர் இவர்தான். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதையும் கூடவே பார்க்கலாம்.

பேண்ட் சைஸை நம்ப வேண்டாம். தொப்பை வர வர பெல்ட் கீழே இறங்கும், 34 அப்படியே 34-ஆக இருக்கும். வேட்டியும் புடவையும் எந்தச் சுற்றளவுக்கும் இணங்கிப்போகும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், துணியை விலக்கிவிட்டு டேப்பைச் சமமாகச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டதும் படியுங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். சென்னையில் உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் வயது, வயிற்றுச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை என நான்கே கேள்விகள். பிஎம்ஐ அதில் இல்லை.

‘ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கெங்கே சர்க்கரை’ என்பதும் செல்லாது. பிஎம்ஐ 18.5-க்கும் கீழே உள்ள இளைஞர்களுக்கு, சத்துக்குறைவோடு தொடர்புடைய ஒரு தனி நீரிழிவு வருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு, இவர்களுக்கு இன்சுலின் சுரப்பதே குறைவு என்று காட்டியது. 2025-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை 5-ம் வகை என ஏற்றது. இவர்களிடம் போய் எடையைக் குறை, சோற்றைக் குறை என்று சொல்வது கேடு.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அட்டவணை பொருந்தாது. வயதும் பாலினமும் சார்ந்த வளர்ச்சி வரைபடம் வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கருவுறும் முன்பிருந்த எடையே கணக்கு. கால் வீக்கம், வயிற்றில் நீர் உள்ளவர்களுக்கு எண் பொய் சொல்லும். கூன் விழுந்த முதியவர்களுக்கு உயரம் குறைந்து பிஎம்ஐ கூடித் தெரியும். விரித்த இரு கைகளின் நீளத்தை உயரமாகக் கொள்ளலாம்.

பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலோ வயிறு எல்லையைத் தாண்டினாலோ வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். நடைப்பயிற்சி தொடங்கியவர்கள் தினமும் மெஷினில் ஏறி மனம் நொந்துகொள்ள வேண்டாம். தசை கூடிக் கொழுப்பு கரையும்போது எடை நிற்கும், வயிறு குறையும். மாதம் ஒருமுறை, ஒரே டேப்பால் அளந்தால் போதும். துணி டேப் நாளாவட்டத்தில் இழுபட்டு நீளும். அவ்வப்போது ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.