பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு ஓடியாடுகிறது? ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

"என் பொண்ணு ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டா டீச்சர்." பெற்றோர் கூட்டத்தில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். ஒன்பதாவது படிக்கும் மகளைப் பற்றி என் அக்காவும் இதையே சொன்னாள். 22 வருடமாக விசிலும் கையுமாகக் கிரவுண்டில் நிற்கிறவள் நான், அப்படியே நம்பிவிட முடியுமா? நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, தினமும் ஓடியாடிய நேரத்தை எழுதச் சொல்லி அவள் மகள் கையில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தோம். மொத்தம் 133 நிமிடம், அதாவது நாளுக்கு 19. புதன்கிழமைக்கு எதிரே ஒரு பூஜ்யம்.

5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் அந்த அளவை எட்டவில்லை. இந்தியாவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர். உலகத்தைவிட நாம் கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், பெருமைப்பட ஒன்றுமில்லை. பெண் பிள்ளைகளின் கணக்கு பையன்களைவிட மோசம்.

சரி, எழுதுவது எப்படி? நோட்டைப் பிள்ளையிடமே கொடுங்கள். நீங்கள் எழுதினால் அது உளவு வேலை. ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் பத்து நிமிடம் அரை மணி நேரமாகிவிடும், அதனால் ஆடி முடித்த கையோடு எழுத வேண்டும். என்ன செய்தாள், எத்தனை நிமிடம், மூச்சு வாங்கியதா. இவ்வளவு போதும். மூச்சு வாங்கியதா என்பதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச வரவில்லை என்றால் கடும் உழைப்பு. இரண்டும் கணக்கில் சேரும். நிம்மதியாகப் பாட முடிந்தால் சேராது. வீட்டு வேலை விஷயத்தில்தான் அம்மாக்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது எல்லாம் உடம்பைக் களைக்க வைக்கும், மூச்சு வாங்க வைக்காது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து மாடிப்படி ஏறினால் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து பி.டி. பீரியடு. வாரத்துக்கு இரண்டு என்று டைம்டேபிளில் இருக்கும். அரைப் பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வந்து, "இன்னிக்கு மட்டும்" என்பார். சரி, பீரியடு நம் கைக்கே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாள் ஸ்டாப் வாட்ச் வைத்து ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனித்தேன். நாற்பது நிமிடப் பீரியடில் வரிசை, அட்டெண்டன்ஸ், கிரவுண்டுக்கு நடை, அணி பிரிக்கும் பஞ்சாயத்து எல்லாம் போக அவள் உண்மையில் ஓடியது 14 நிமிடம். நடத்தியது நான்தான், வேறு யாரைக் குறை சொல்வது?

நான் நடத்திய ஆட்டம் கோகோ. பார்த்தால் கிரவுண்டே பறக்கிற மாதிரி இருக்கும். எண்ணிப் பாருங்கள்: துரத்துவது ஒருத்தி, குந்தியிருப்பது எட்டுப் பேர், உள்ளே ஓடுவது மூன்று பேர். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு நேரத்தில் ஓடுவது நாலே பேர். கிரிக்கெட்டும் இந்த ரகம்தான், எல்லைக்கோட்டில் நிற்கிற பையன் புல்லைப் பிய்த்துக்கொண்டிருப்பான். இப்போது கோகோ வைத்தால் நாலு சின்னக் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்குப் பத்துப் பேர்: உட்கார நாலு பேர், துரத்த ஒருத்தி, ஓட ஐந்து பேர். ரூல் புத்தகத்தில் இது இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். பாதி நாட்கள் சங்கிலி, நொண்டி, ஸ்கிப்பிங். அவுட் ஆனவள் வெளியே நிற்கக் கூடாது, ஐந்து முறை குதித்துவிட்டு உள்ளே வரலாம். வீட்டில் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட வைக்கிறவர்களும் இந்த ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் அவுட் ஆகிறவள்தான் அதிகம் ஓட வேண்டியவள்.

எட்டாவது தாண்டியதும் பெண் பிள்ளைகள் மரத்தடிக்கு ஒதுங்குவார்கள். சோம்பல் என்று நானும் பல வருடம் திட்டியிருக்கிறேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் ஒவ்வொன்றாக வந்தது. துப்பட்டா நழுவுகிறது. நாப்கின் மாற்ற இடமில்லை. கறுத்துப் போனால் அம்மா திட்டுவாள். காலையில் சாப்பிடவில்லை. அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, எங்களுடையது உயர்நிலைப் பள்ளி. நான் செய்தது சின்னச் சின்ன வேலைதான்: பி.டி. இருக்கிற நாளில் டீ-ஷர்ட்டும் டிராக் பேண்டும், என் பீரோவில் நாப்கின், கூடவே ஒரு டப்பா கடலை மிட்டாய், வெயில் நாட்களில் கட்டடத்தின் நிழல் பக்கம் ஆட்டம். கறுப்பு விஷயத்துக்கு மட்டும் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.

இனி பற்றாக்குறையை நிரப்புவது. 60 நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டாம், துண்டு துண்டாகச் சேர்த்தாலே போதும். அக்கா மகளுக்கு வேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கித் தோழிகளோடு வேகமாக நடந்தால் 12 நிமிடம். சாயங்காலம் மொட்டைமாடியில் தம்பியோடு ஸ்கிப்பிங், 15 நிமிடம். சைக்கிள் இருந்தால் இன்னும் சுலபம். பதினொன்றாவதில் அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிளைப் பல வீடுகளில் அப்பாதான் வேலைக்கு ஓட்டிப் போகிறார், அதைக் கேட்டு வாங்குங்கள். வாரத்தில் மூன்று நாளாவது குதிப்பது, ஏறுவது, தொங்குவது மாதிரி எலும்புக்கும் தசைக்கும் வேலை வைக்கிற ஆட்டம் இருக்கட்டும். ஸ்கிப்பிங் அதிலும் சேரும். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல்.

ஒரே நாளில் 19ஐ 60 ஆக்கினால் மறுநாள் கால் வலி என்று படுத்துவிடுவாள். ஒவ்வொரு வாரமும் நாள் கணக்கில் ஐந்து, பத்து நிமிடம் கூட்டினால் போதும். ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் நோட்டை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம் எழுதச் சொன்னேன். சராசரி 47. புதன்கிழமைப் பக்கத்தில் மட்டும், "ஸ்கூல், ட்யூஷன், ஹோம்வொர்க், 6 நிமிஷம், ட்யூஷனுக்கு லேட்டாகி ஓடினது" என்று எழுதியிருந்தாள். அந்தப் புதன்கிழமைக்காக ட்யூஷன் சாரிடம் பேச அடுத்த வாரம் அக்காவோடு நானும் போகிறேன்.