அமெரிக்காவில் வீட்டில் சமைத்து விற்கலாமா? புதிதாக வந்தவர்கள் முதல் ஆர்டர் எடுக்கும் முன்

வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கைப் பக்கத்து அபார்ட்மெண்ட்டில் கொடுத்திருப்பீர்கள், அவர்கள் சாப்பிட்டுவிட்டு "எங்களுக்கு ரெண்டு பவுண்டு செஞ்சு தர்றீங்களா, காசு குடுத்துடுறோம்" என்று கேட்டிருப்பார்கள், அங்கிருந்து வாட்ஸ்அப் குழுவில் "வெள்ளிக்கிழமை இட்லி மாவு கிடைக்கும்" என்று போடுவதற்கு ஒரு வாரம்தான் ஆகும். அந்த மெசேஜைப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் விசா. சமையல் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) இருப்பவர் ஈஏடி கார்டு (வேலை அனுமதி அட்டை) இல்லாமல் உணவு விற்பதும் அனுமதியில்லாத வேலைதான். வீட்டுக்குள் நடக்கிறது, ரொக்கமாக வாங்குகிறேன், எண்ணெய் மாவுக்கு ஆன செலவை மட்டும்தான் வாங்குகிறேன் என்றெல்லாம் காரணம் சொல்லி இதில் இறங்காதீர்கள், பின்னால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் வந்து நிற்கும். எச்-4க்கு ஈஏடி 2015இலிருந்து இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் கணவர் அல்லது மனைவியின் ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் ஆன பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். எல்-2வில் (கம்பெனி வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாற்றி அனுப்பும் எல்-1 ஊழியரின் குடும்ப விசா) துணையாக வந்தவர் ஐ-94இல் (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) எல்-2எஸ் என்று இருந்தால் வேலை செய்யலாம். எச்-1பியில் இருப்பவர் கம்பெனி வேலையைத் தவிர வேறு வியாபாரம் செய்ய முடியாது, அதனால் ஈஏடி இல்லாத மனைவி சமைத்து, பணம் மட்டும் கணவர் கணக்குக்கு வந்தாலும் சிக்கல்தான். உங்கள் நிலைமையில் சந்தேகம் இருந்தால் குடிவரவு வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். சும்மா செய்து நண்பர்களுக்குக் கொடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.

வேலை அனுமதி இருக்கிறதா? சரி, அப்புறம்தான் சமையலறை. வீட்டில் செய்த உணவை விற்பதற்கு நாடு முழுக்க ஒரே சட்டம் கிடையாது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாகக் காட்டேஜ் ஃபுட் (வீட்டுச் சமையலறையில் செய்து விற்கும் உணவு) சட்டம் உண்டு. டெக்சாஸில் இருக்கும் தங்கை சொல்வதைக் கேட்டு நியூ ஜெர்சியில் தொடங்கினால் தப்பாகிவிடும். நியூ ஜெர்சி கடைசி வரை வீட்டுத் தயாரிப்பை விற்க விடாத மாநிலம், 2021 அக்டோபரில்தான் கதவைத் திறந்தது. அங்கே பெர்மிட் வாங்க வேண்டும்.

எந்த மாநிலமானாலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் செய்வது ஃப்ரிட்ஜுக்கு வெளியே கெடுமா, கெடாதா? முறுக்கு, தட்டை, மிக்சர், பருப்புப் பொடி மாதிரி ஈரமில்லாதவை பொதுவாகச் சுலபமான பக்கம். இட்லி மாவு, தேங்காய்ச் சட்னி, சாம்பார், பால் சேர்த்த இனிப்பு, பிரியாணி எல்லாம் கஷ்டமான பக்கம். 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் 135க்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. ஒரு தடவை தெரிந்தவரிடம் வாங்கிய மாவு டப்பாவை மத்தியான வெயிலில் காரிலேயே விட்டுவிட்டு மளிகை வாங்கிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மூடி பந்து மாதிரி உப்பி, ஓரத்தில் மாவு நுரைத்துச் சீட்டில் வழிந்திருந்தது. விற்றவர் சுத்தமாகத்தான் அரைத்திருந்தார், தப்பு என்னுடையது. ஆனால் அதைச் சாப்பிட்டு என் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தால் கேள்வி அவரைத்தான் கேட்டிருப்பார்கள்.

கலிஃபோர்னியாவில் இரண்டு வழி இருக்கிறது. 2013இலிருந்து நடக்கும் காட்டேஜ் ஃபுட் முறையில் மாநிலம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் உள்ள கெடாத உணவுகளை மட்டும் விற்கலாம். ஏ வகுப்பு என்றால் நேரடியாக வாங்குபவருக்கு மட்டும், பதிவு போதும். பி வகுப்பு என்றால் கடைகளுக்கும் கொடுக்கலாம், ஆனால் வீட்டுக்கு வந்து சோதனை செய்வார்கள். இரண்டாவது வழி 2019இல் அமலுக்கு வந்தது: சாம்பார் சாதம், கோழிக் குழம்பு மாதிரி சமைத்த சாப்பாட்டையே வீட்டிலிருந்து விற்கலாம், அன்றைக்குச் சமைத்ததை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், ஒரு நாளைக்கு 30 சாப்பாட்டுக்கு மேல் கூடாது. ஆனால் உங்கள் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ரிவர்சைடு கவுண்டி முதலில் ஏற்றது, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 2024இல்தான் வந்தது. டெக்சாஸில் 2025 செப்டம்பரிலிருந்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய உணவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மாநில சுகாதாரத் துறையில் பதிய வேண்டும், கறி, கோழி, மீன் போன்றவை கூடாது.

லேபிளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜிப்லாக் பையில் போட்டு மார்க்கரில் "முறுக்கு" என்று எழுதினால் போதாது. கலிஃபோர்னியாவில் வீட்டுச் சமையலறையில் செய்தது என்ற வாசகம், பதிவு எண், பொருட்கள் எல்லாம் இருக்க வேண்டும். அலர்ஜி தரும் பொருட்களைத் தவறாமல் எழுதுங்கள்: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, கோதுமை, சோயா, வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகை, 2023 ஜனவரியிலிருந்து எள்ளும். நம் ஆட்கள் இந்த எள்ளில்தான் கோட்டை விடுகிறார்கள். முறுக்கில் தூவிய எள், பொடியில் வறுத்துப் போட்ட எள், அதிரசத்தில் ஒட்டிய எள், ஊறுகாயில் நல்லெண்ணெய், எதுவும் நமக்குத் தனியாகக் கணக்கில் வராது, பழகிய கை தானாகப் போட்டுவிடும். எள் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஒரு கடி போதும் மூச்சுத் திணற. செய்யும்போதே பக்கத்தில் ஒரு பேப்பர் வைத்துக்கொண்டு, கடாயில் விழுகிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள், எண்ணெய் வரைக்கும்.

வாடகை வீடு என்றால் லீஸில் வியாபாரத்துக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். வருமானத்தை வரியில் காட்ட வேண்டும், செலவு போக வருடத்துக்கு 400 டாலர் நின்றாலே சுயதொழில் வரி வந்துவிடும். மளிகை ரசீதுகளை முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், மாநிலத்தின் பெயரோடு காட்டேஜ் ஃபுட் என்று தேடி அரசுத் தளத்தை மட்டும் திறந்து படியுங்கள், பிறகு உங்கள் கவுண்டி சுகாதார அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். அதிரசம் என்றால் அவர்களுக்குப் புரியாது. அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் பொரித்தது, வெளியில் இத்தனை நாள் வைத்திருப்போம் என்று செய்முறையாகச் சொல்லுங்கள், பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.