ஜிஎஸ்டி பதிவு: மின் ரசீதில் வேறு பெயர்

வாடகைக் கடைக்கு ஜிஎஸ்டி பதிவு கேட்டபோது, கூடுதல் விளக்கம் கேட்கும் ஆர்இஜி-03 நோட்டீஸ் வந்தது. காரணம் சின்னது: ஒப்பந்தத்தில் உரிமையாளர் பெயர், மின் ரசீதிலோ காலமான அவர் அப்பாவின் பெயர். நம்மூரில் மின் இணைப்பின் பெயரை யார் மாற்றுகிறார்கள்!

உரிமையாளர் பெயரிலுள்ள சொத்து வரி ரசீது, அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, ஆர்இஜி-04 என்ற பதில் படிவத்தில் பதில் போட்டதும் சரியானது. நோட்டீஸ் வந்த 7 வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும். தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

ஜிஎஸ்டி எண் கிடைத்ததும் பலர் மறப்பது வங்கிக் கணக்கு. 30 நாளுக்குள், அதற்கு முன்பே ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர அறிக்கை) போடுவதானால் அதற்கும் முன், சேர்க்காவிட்டால் பதிவு முடங்கும். விற்பனையே இல்லாத மாதத்திலும் ஜிஎஸ்டிஆர்-3பி (வரிக் கணக்குச் சுருக்க அறிக்கை) தாக்கல் உண்டு. அப்படி வரியே இல்லாத அறிக்கைக்கும் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் கட்டணம்.