மணலில் கார் புதைந்தால் இழுவைக் கட்டுப்பாட்டை அணைப்பது எப்படி?

மணற்காட்டுப் பக்கம் முன்சில்லுகள் புதைந்து, அக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் அடங்கிப்போகிறதா? பயப்பட வேண்டாம். அது ட்ராக்‌ஷன் கொன்ட்ரோல், அதாவது இழுவைக் கட்டுப்பாடு, தன் வேலையைச் செய்வது. ஒவ்வொரு சில்லிலும் வேகத்தை அளக்கும் உணரி இருக்கிறது. காரை இழுக்கும் சில்லு மற்றவற்றைவிட வேகமாகச் சுழன்றால், கணினி எஞ்சினின் வலுவைக் குறைக்கும். பல கார்களில் அந்தச் சில்லுக்குப் பிரேக்கும் போடும். கார்த்திகை மழையில் பண்ணை வீதியில் போகும்போது இதைவிட நல்ல துணை இல்லை. மணலில் மட்டும், சில்லு சற்றுச் சுழன்றால்தான் கார் நகரும்.

முதலில் மீற்றரில் உள்ள விளக்கைப் பாருங்கள்: காரின் படமும் கீழே இரண்டு வளைகோடுகளும். ஓடும்போது மினுங்கினால் கட்டுப்பாடு இயங்குகிறது. வேகத்தைக் குறையுங்கள், எதையும் அணைக்காதீர்கள்.

புதைந்துவிட்டால் உடனே மிதிப்பதை நிறுத்துங்கள். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். இறங்கி முன்சில்லுகளுக்கு முன்னாலும் பின்னாலும் மணலைத் தோண்டி அகற்றுங்கள். ஸ்டியரிங்கை நேராக்குங்கள். இழுக்கும் சில்லுகளின் ரயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் ரயர் அகன்று பிடிக்கும். சில்லுக்கு அடியில் பனையோலையைச் செருகலாம். ஆனால் அது தெறிக்கும், ஆகவே காருக்கு முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது. இதற்குப் பிறகுதான் இழுவைக் கட்டுப்பாட்டை அணைக்கும் ஆளியை அழுத்த வேண்டும். டொயோட்டா கார்கள் பலவற்றில் ஒருமுறை அழுத்தினால் இழுவைக் கட்டுப்பாடு மட்டும் அணையும். 3 விநாடிக்கு மேல் பிடித்தால் சறுக்கலைத் தடுக்கும் ஏற்பாடும் சேர்ந்து அணையும். முதல் அழுத்தமே போதும். மெதுவாக மிதித்து வெளியே வந்ததும் ஆளியை மீண்டும் அழுத்துங்கள். காற்றை நிரப்பாமல் வேகமாக ஓடாதீர்கள்.

அணைக்காமலே விளக்கு விடாமல் எரிந்தால் அது கோளாறு. காரை நிறுத்தி எஞ்சினை ஒருமுறை அணைத்து இயக்கிப் பாருங்கள். நான்கு ரயர்களும் ஒரே அளவா, காற்று சரியா, பற்றரி பலவீனமா என்று பாருங்கள். அளவு மாறிய ஒரு ரயரே கணினியைக் குழப்பிவிடும். தோட்டப் பாதைகளின் செம்மண் சேறு சில்லுக்குப் பின்னால் அப்பியிருந்தால் நீரால் மெதுவாகக் கழுவுங்கள். ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சில்லு இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏற்பாடு, அதன் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெரும்பாலும் சில்லின் உணரியோ அதன் வயரோதான் காரணம். சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டவே வேண்டாம்.

கராஜில் ஸ்கானரைப் பூட்டியதும் அது காட்டும் கோளாறுக் குறியீட்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டொயோட்டாவில் சி0200 வலது முன்சில்லின் உணரி, சி0205 இடது. எந்தச் சில்லு என்று தெரியாமல் நான்கு உணரிகளுக்கும் பணம் கொடுக்காதீர்கள். பியூஸைக் கழற்றி விளக்கை அணைத்துத் தருகிறோம் என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்; அதோடு ஏபிஎஸ்ஸும் போய்விடக்கூடும்.