ஜம்ப் ஸ்குவாட்: எகிறும் முன் இறங்கப் பழகுங்கள்

வாலிபாலில் நெட்டுக்கு மேலே கை போகவில்லை என்றதும், பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தினமும் நூறு ஜம்ப் ஸ்குவாட், அதாவது நூறு முறை உட்கார்ந்து எகிறினேன். மூன்றாவது வாரம் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி. படி இறங்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. எகிறும் உயரமோ ஓர் அங்குலம்கூட ஏறவில்லை.

இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. எகிறும்போது தரையை உதைக்க நமக்குக் கிடைப்பது அரை நொடிக்கும் குறைவு. அதற்குள் எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்பதில்தான் உயரம் இருக்கிறது. களைத்த காலோடு நூறாவது முறை எகிறினால், உடம்பு மெதுவாக எழத்தான் பழகும்.

முதலில் ஒரு சோதனை. எகிறாமல், நாற்காலியில் உட்காருவது போல மூன்று நொடியில் இறங்கி எழும் சாதாரண ஸ்குவாட், 15 முறை. மொபைலைச் சாய்த்து வைத்து முன்னாலிருந்து வீடியோ எடுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பினாலோ முழங்கால் உள்பக்கம் சாய்ந்தாலோ, இரண்டு மூன்று வாரம் இதை மட்டும் செய்யுங்கள். பழைய முழங்கால் காயம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

படி 1: இறங்குதல். முன்பாதத்தில் நின்று கைகளை மேலே தூக்குங்கள். சட்டென்று கைகளைக் கீழே வீசி, அரை ஸ்குவாட்டில் போய் அப்படியே நில்லுங்கள். இது பழகியதும் ஒரு செங்கல் உயரத்திலிருந்து இறங்கிப் பாருங்கள். முன்பாதம் முதலில் தொட வேண்டும், உடனே குதிகால். இடுப்பு பின்னால் போக வேண்டும், முழங்கால் கால்விரல்களின் திசையிலேயே மடங்க வேண்டும். 'தொப்'பென்று சத்தம் கேட்டால் அதிர்ச்சியைத் தசை வாங்கவில்லை, மூட்டு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நொடி ஆடாமல் நிற்க வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஒரு வாரமாவது இதற்குக் கொடுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

படி 2: நிறுத்தி எகிறுதல். நாற்காலி உயரத்துக்கு இறங்கி, இரண்டு நொடி நின்று, அங்கிருந்து முழு வேகத்தில் எகிறுங்கள். எகிறியபின் தரையில் இறங்குவது படி 1 மாதிரியே. 5 முறை ஒரு செட், மொத்தம் 3 செட்.

படி 3: உடனே எகிறுதல். நிறுத்தாமல், கையை வீசி, சட்டென்று இறங்கிச் சட்டென்று எழ வேண்டும். தசையும் தசைநாரும் உண்டிவில் ரப்பர் மாதிரி இழுபட்டு விடுபடும். ஒரு வித்தியாசம்: ரப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்கலாம், இதில் நின்றால் அந்த விசை கரைந்துவிடும்.

படி 4: பாக்ஸ் ஜம்ப், அதாவது பெட்டி மேல் எகிறி ஏறுதல். முழங்கால் உயரப் பெட்டி போதும். நெஞ்சு உயரப் பெட்டியில் ஏறும் வீடியோக்களில் பாதி, காலை மடக்கும் சாமர்த்தியம்தான். விளிம்பில் பட்டால் முன்னங்கால் தோல் உரிந்துவிடும். ஏறியபின் கீழே குதிக்காதீர்கள், ஒவ்வொரு காலாக இறங்குங்கள்.

உயரத்திலிருந்து குதித்து உடனே எகிறும் டெப்த் ஜம்ப், சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960களில் பிரபலமாக்கியது. அது ஏற்கெனவே பலம் ஏறிய வீரர்களுக்கானது. இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தோளில் பார்பெல் (எடை மாட்டிய கம்பி) வைத்து எகிறுவதும் அப்படித்தான், முதல் இரண்டு மாதம் உடல் எடையே போதும். பலத்துக்கு எடை வைத்த ஸ்குவாட்டைத் தனியாக, நிதானமாகச் செய்யலாம்.

அளவு: வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. ஒரு நாளில் மொத்தம் 30, 40 குதி போதும், செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, பயிற்சியின் தொடக்கத்திலேயே செய்யுங்கள். மண் தரையோ புல்லோ நல்லது. சிமெண்ட், டைல்ஸ் வேண்டாம்.

அப்புறம், விரலில் சாக்பீஸ் தூளைத் தொட்டுக்கொண்டு சுவரோரம் எகிறிக் கோடு போடுங்கள். அன்றைக்கு இரண்டு குதிகள் தொடர்ந்து அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே விழுந்தால், செட் பாக்கி இருந்தாலும் ஷூவைக் கழற்றிவிடுங்கள். மறுநாள் காலையும் சில்லுக்குக் கீழே வலித்தால் அடுத்த முறை குதிகளைப் பாதியாக்குங்கள். வலி விடவில்லை என்றால் பிசியோவிடம் காட்டுங்கள். ஆறாவது வாரம், இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு அதே சுவரில் இன்னொரு கோடு போட்டுப் பாருங்கள்.